மூன்று பக்கமும் டீம் இருந்த ஊர்! அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலில் ஒரு கிரிக்கெட் பயணம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலையில், காரியாபட்டியைத் தாண்டி, சுமார் 50 கி.மீ. வந்தால் அருப்புக்கோட்டை. அங்கிருந்து தெற்கே பந்தல்குடி, எட்டயபுரம் வழியாக இன்னொரு 90 கி.மீ. போனால் தூத்துக்குடி. கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, மானாமதுரை என ரயில் பாதையைப் பிடித்தால் காரைக்குடி. 2016-ல் இந்த மூன்று ஊர்ப் பெயரிலும் ஆளுக்கொரு தொழில்முறை கிரிக்கெட் அணி இருந்தது. மதுரை சூப்பர் ஜெயன்ட்ஸ், டூட்டி பேட்ரியாட்ஸ், காரைக்குடி காளை.

இன்று அந்த மூன்று பெயர்களில் ஒன்றுகூட இல்லை.

டிஜிட்டல் டெஸ்க்கில் ஸ்கோர் அப்டேட் போடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. 2025 ஜூலையில் திருப்பூர் தமிழன்ஸ் டி.என்.பி.எல். கோப்பையை வென்றபோது, அந்த அணியின் பழைய கதையைத் தேடினேன். அது முன்பு காரைக்குடி காளையாக இருந்த அணி என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சரி, காளை திருப்பூருக்குப் போய்விட்டது. அது மேய்ந்த காட்டுப் பக்கம் என்ன மிச்சம் இருக்கிறது? மூன்று அணிகளுக்கும் நடுவில், எந்த அணியும் இல்லாமல் இருந்த அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. பங்குனி வெயிலில் கிளம்பினேன்.

கொஞ்சம் பின்கதை. சூதாட்டப் புகார் விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு 2015-ல் இரண்டு ஆண்டுத் தடை விழுந்தது. மஞ்சள் சட்டை இல்லாத கோடைக்காலம் எப்படி இருந்தது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த வெறுமையின் நடுவில்தான், 2016 ஆகஸ்ட் இறுதியில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எட்டு அணிகளோடு தமிழ்நாடு பிரீமியர் லீகைத் தொடங்கியது. சேப்பாக்கம், கோவை, திண்டுக்கல், மதுரை, காரைக்குடி, தூத்துக்குடி, காஞ்சி, திருவள்ளூர். சென்னைக்கு வெளியே இருக்கும் பையன்களுக்கும் டிவியில் முகம் காட்ட ஒரு வாசல் என்பது அதன் பேச்சாக இருந்தது. வெறும் பேச்சாகவும் போகவில்லை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆடிய கையோடு, 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் அணிக்குப் போனார்.

விருதுநகர் மாவட்டத்துக்கு அணி கிடைக்கவில்லை. அதனால் இந்தப் பக்கத்து ரசிகர்கள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்தார்கள். அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன், அதை ஒரு கிளாஸ் டீ ஆற்றும் நேரத்தில் விளக்கிவிட்டார்.

"அங்கிட்டு மதுர தோத்துக்கிட்டே இருந்துச்சு. இங்கிட்டு தூத்துக்குடி ஜெயிச்சுக்கிட்டே இருந்துச்சு. நடுவுல கெடக்குறவன் எங்கிட்டுப் போவான், நீங்களே சொல்லுங்க தம்பி?"

நியாயமான கேள்வி. ரத்த பாசமெல்லாம் இல்லை. ஜெயிக்கிற பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

'டூட்டி'க்குப் போன சாம்பியன்

தூத்துக்குடியைத் தமிழில் யாரும் 'டூட்டி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. டூட்டின்டாலே இந்தப் பக்கம் மில் ஷிஃப்ட்தான். "நைட்டு டூட்டி பேட்ரியாட்ஸா, பகல் டூட்டி பேட்ரியாட்ஸா?" என்று அப்போது கிண்டல் ஓடியதாம். நூற்பாலையும் தறியும் நிறைந்த ஊரில் இப்படி ஒரு பெயரை வைத்தால் விடுவார்களா? ஆனால் பின்பாதிப் பெயரைக் குறை சொல்ல முடியாது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன், ஒட்டப்பிடாரம் வ.உ.சி., எட்டயபுரத்து பாரதி என ஒரே மாவட்டத்தில் இத்தனை பேர் பிறந்த மண்ணின் அணிக்கு 'தேசபக்தர்கள்' என்று பெயர் வைப்பதில் தப்பே இல்லை.

அந்த அணி பெயரைக் காப்பாற்றவும் செய்தது. 2016 செப்டம்பர் 18, சேப்பாக்கத்தில் முதல் சீசனின் ஃபைனல். எதிரே சேப்பாக் சூப்பர் கில்லீஸ், அவர்களின் சொந்த மைதானம். அபினவ் முகுந்தும் கௌசிக் காந்தியும் தொடக்கத்திலேயே வெளுத்துக்கட்ட, கேப்டன் தினேஷ் கார்த்திக் கடைசியில் வேகம் கூட்ட, டூட்டி 215 ரன். பதிலுக்கு ஆடிய கில்லீஸ் 93 ரன்னுக்குச் சுருண்டது. 122 ரன் வித்தியாசம்! முதல் டி.என்.பி.எல். கோப்பையில் தலைநகரின் பெயர் இல்லை, ஒரு துறைமுக ஊரின் பெயர் ஏறியது.

அடுத்த ஆண்டு இன்னும் சுவாரஸ்யம். 17 வயதுப் பையன் ஒருவன் டூட்டிக்கு ஓப்பனிங் இறங்கி 459 ரன் அடித்தான். அதோடு 15 விக்கெட்டும் எடுத்தான். ஃபைனலில் இந்த முறை கில்லீஸ் பழிதீர்த்துக்கொண்டாலும், தொடர் நாயகன் அந்தப் பையன்தான். வாஷிங்டன் சுந்தர். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடிவிட்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் வாஷிங்டனும் நடராஜனும் ஒரே நாளில் அறிமுகமானது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒருவர் டூட்டியில் ஆடியவர், இன்னொருவர் திண்டுக்கல்லில் ஆடியவர்.

2018, 2019 சீசன்களில் டூட்டி ஃபைனலுக்கு வரவில்லை. முதலில் 'ஆல்பர்ட்' என்றிருந்த முன்னொட்டு பிறகு 'ஜோன்ஸ்' ஆனது. 2020-ல் கொரோனாவால் தொடரே நடக்கவில்லை. 2021-ல் மறுபடி ஆட்டம் தொடங்கியபோது, பட்டியலில் டூட்டி இல்லை. அந்த இடத்தில் சேலம் ஸ்பார்டன்ஸ் இருந்தது. காரைக்குடி காளையின் இடத்தில் திருப்பூர் தமிழன்ஸ். மதுரை மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை, பெயரை மாற்றிக்கொண்டது. முதல் இரண்டு சீசனும் திணறியவர்கள், 2018-ல் மதுரை பேந்தர்ஸ் என்று புதுப் பெயரோடு வந்து, வருண் சக்கரவர்த்தியின் மாயச் சுழலில் அதே ஆண்டு கோப்பையையும் தூக்கிவிட்டார்கள். பெயர் ராசி என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!

அணி இடம்பெயர்வது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களிடம் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்று சொல்லிப்பாருங்கள். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீகில், 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரை இறக்கி வரலாற்றை மாற்றிய அணி. 1955-ல் கோப்பை வென்ற அணி. 1957 சீசன் முடிந்ததும் உரிமையாளர் அதை அப்படியே கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய்விட்டார். இன்றைய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அதுதான். புரூக்ளினில் அவர்கள் ஆடிய மைதானத்தை 1960-ல் இடித்து, அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். அதற்காக இன்றும் பொருமுகிற குடும்பங்கள் அங்கே உண்டு. நம் பக்கத்திலேயே, 2009-ல் ஐ.பி.எல். வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் 2012-ல் காணாமல்போனது.

ஆனால், தூத்துக்குடிக்கும் புரூக்ளினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இடிப்பதற்கு இங்கே மைதானமே கிடையாது. டூட்டி பேட்ரியாட்ஸ் தூத்துக்குடியில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. காளை காரைக்குடியில் ஆடியதில்லை. சேப்பாக்கம், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம், திருநெல்வேலி சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் மைதானம் என மூன்று இடங்களில்தான் எல்லா அணிகளும் சுற்றிச் சுற்றி ஆடின. அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் 'தன்' அணியை நேரில் பார்க்க வேண்டுமென்றால், ஒன்று கோவில்பட்டி வழியாகச் சங்கர் நகர் போக வேண்டும், இல்லையென்றால் மதுரையைத் தாண்டி நத்தம் போக வேண்டும். இரண்டும் சுமார் 100 கி.மீ. ஆட்டம் முடிய ராத்திரி பதினொன்று ஆகிவிடும். திரும்பிவர பஸ்?

என் கணக்கில் தப்பு அங்கேதான் தொடங்கியது. ஊர்ப் பெயரைச் சட்டையில் அச்சடிப்பது சுலபம். ஊருக்குள் பத்து நாள் வந்து ஆடுவதற்கு மைதானம் வேண்டும், விளக்கு வேண்டும், செலவு செய்ய மனம் வேண்டும். டிவியில் மட்டும் பார்த்த அணி, டிவியில் வருவது நின்றதும் மறந்துபோகிறது.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, டீக்கடையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "எம்.ஜி.ஆர். மட்டும் என்னவாம்?" கடையே சிரித்தது. விஷயம் இதுதான். 1977-ல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதல்வரானது அருப்புக்கோட்டை தொகுதியில் ஜெயித்துத்தான். அடுத்த தேர்தலில் மதுரை மேற்கு. அதற்கடுத்து ஆண்டிபட்டி. ஊர் மாறிப் போவதை இந்த ஊர் 45 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து முடித்துவிட்டது.

கரை தாண்டினால் ஆறு

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி போகும் சாலையில் இருபுறமும் பங்குனியில் பார்க்க அதிகம் இல்லை. அறுத்து முடித்த சோளத்தட்டை, எடுத்து முடித்த பருத்திச் செடி, நடுவில் மல்லிகைத் தோட்டம் ஒன்றிரண்டு, மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். கரிமூட்டம் போட்ட புகை ஒரு பக்கம் எழுந்துகொண்டிருந்தது. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாற்றில் ஓட்டம் என்பது மழைக்காலத்துச் செய்தி. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் அனுப்பிய தலம் என்பது ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் புராணம். இந்த வெயிலில் நின்றுகொண்டு அதைக் கேட்டால், 'அனுப்பிய தண்ணீரைக் கொஞ்சம் திருப்பித் தரக் கூடாதா சாமி?' என்றுதான் கேட்கத் தோன்றும். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆறு காத்திருக்கிறது.

சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில், அருகிலேயே ரமண மகரிஷி பிறந்த வீடான சுந்தர மந்திரம். வெளியூர்க்காரர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ரமணரும் ஒரு விளையாட்டுப் பையன்தான் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 1879-ல் இங்கே பிறந்து, தந்தை இறந்த பிறகு மதுரைக்குப் போன வேங்கடராமன் கால்பந்து, குஸ்தி, நீச்சல் என எதையும் விட்டுவைத்ததில்லை. அவர் இருக்கும் பக்கமே ஜெயிக்கும் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் 'தங்கக்கை'. இன்றைக்கு ஏலம் விட்டிருந்தால் நல்ல தொகைக்குப் போயிருப்பார் போல!

ஊரைத் தாண்டி ஒரு கண்மாய்க்குள் இறங்கினேன். இந்த மாவட்டத்தின் நிஜமான ஸ்டேடியங்கள் இவைதான். ஐப்பசி, கார்த்திகையில் பெருகும் தண்ணீர் வெள்ளாமைக்குப் போனது போக, தைக்குப் பிறகு மெல்ல வற்றும். பங்குனியில் உள்வாய்ப் பகுதி காய்ந்து விரிந்துகிடக்கும். அதுதான் மைதானம். கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், அப்படியே ஆட முடியாது. அதனால் நடுவில் இருபது கஜத்துக்கு மட்டும் கட்டியை உடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மிதித்து, காயவிட்டு, மறுபடி மிதித்து ஒரு பிட்ச் போட்டிருந்தார்கள். இந்தியாவின் பெரிய மைதானங்களில் பிட்ச் போடுவது செம்மண்ணிலும் கரிசல் மண்ணிலும்தான். அந்தக் கணக்கில் இவர்களுக்கு மண்ணுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான்.

ஸ்டம்ப், சீமைக்கருவேலங்குச்சி. பந்து, டென்னிஸ் பந்து. விதிமுறைகளைக் கேட்டேன். உருண்டு போய்க் கரையைத் தொட்டால் நாலு. கரையைத் தாண்டினால் ஆறு. முள்ளுக்குள் அடித்தால் அவுட், பந்தை எடுத்து வருவதும் அடித்தவன் பொறுப்பு. மடைப் பக்கம் ரன் கிடையாது, ஏனென்றால் அங்கே ஆடு படுத்திருக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சீசன் கணக்கு. டி.என்.பி.எல்.லில் மழை வந்தால் ஆட்டம் ரத்தாகும். இங்கே மழை வந்தால் மூன்று நான்கு மாதத்துக்கு மைதானமே தண்ணீருக்குள் போய்விடும். அதற்காக ஒருத்தனும் முகம் சுளிக்க மாட்டான். கண்மாய் நிறைந்தால் வீட்டில் காசு இருக்கும், புது பேட் கேட்கலாம்.

பையன்களுக்கு 13, 14 வயது இருக்கும். "டூட்டி பேட்ரியாட்ஸ் தெரியுமாடா தம்பி?" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எந்தூரு டீம்ண்ணே?"

"வாஷிங்டன் சுந்தர்?"

"வாஷியா! அவரு இந்தியா டீம்ண்ணே!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஒருவன் ஆஃப் ஸ்பின் போட்டே காட்டினான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், தூத்துக்குடி கோப்பை வென்றபோது இவர்களுக்கு மூன்று, நான்கு வயது. பத்து ஆண்டில் ஒரு சாம்பியன் அணியின் பெயர் 90 கி.மீ. தூரத்தில்கூட நிற்கவில்லை. அதில் ஆடிய ஆள் மட்டும் நிற்கிறார்.

அந்தப் பையன்களுக்கு அம்பயராக நின்றிருந்தவர் 27 வயது இளைஞர், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பள்ளியில் படிக்கும்போது நல்ல வேகப்பந்து வீச்சாளராம். லெதர் பந்தில் மாவட்ட அளவில் கொஞ்சம் ஆடியிருக்கிறார். ஆட்டம் முடிந்து கலுங்கு நிழலில் உட்கார்ந்தபோதுதான் பேசத் தொடங்கினார்.

"அந்த டீம் இருந்த வரைக்கும் வீட்டுல சொல்ல ஒரு காரணம் இருந்துச்சு ப்ரோ. 'எங்க போய் ஆடப்போற?'ன்டு அப்பா கேப்பாரு. 'இந்தா, தூத்துக்குடியில டீம் இருக்கு, காரைக்குடியில இருக்கு, மாவட்டத்துப் பயலுகளயும் எடுக்குறாய்ங்க'ன்டு சொல்லுவேன். டிவிலயும் காட்டுவேன். அவரும் சரின்டு பேசாம இருப்பாரு. எனக்கும் தெரியும், நான் அந்த லெவலுக்கெல்லாம் ஆடல. ஆனா கூட ரெண்டு வருஷம் ஆடக் கெடச்சுச்சுல்ல? அந்தப் பேரு போனதும், 'சேலத்துல டீம் இருக்குப்பா'ன்டா சொல்ல முடியும்?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இதை எந்த ஸ்கோர் கார்டிலும் பார்க்க முடியாது. தூத்துக்குடி அணியால் எத்தனை பேர் இந்திய அணிக்குப் போனார்கள் என்று எண்ணிவிடலாம். எத்தனை அப்பாக்கள் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள் என்பதை எப்படி எண்ணுவது? பேட், பேடு, ஹெல்மெட், ஷூ என்று ஒரு பையனை லெதர் பந்துக்குத் தயார் செய்ய ஆகும் செலவு, ஒரு நூற்பாலைத் தொழிலாளி வீட்டுக்குச் சின்ன விஷயமல்ல. அந்த வீட்டில் ஒரு ஊர்ப் பெயர் வாதாடியிருக்கிறது. வாதாட ஆள் போனதும் வழக்கு முடிந்துவிட்டது.

அதே சமயம், தெற்கு மொத்தமாக ஏமாந்தது என்றும் எழுதிவிட முடியாது. திருவள்ளூர் வீரன்ஸாகத் தொடங்கி, காஞ்சி வீரன்ஸாக மாறிய அணி 2021-ல் நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. காஞ்சி வாரியர்ஸ் திருச்சிக்கு ஏற்கெனவே போயிருந்தது. நாம் இழந்ததைச் சேலமும் திருப்பூரும் பெற்றன, காஞ்சியும் திருவள்ளூரும் இழந்ததை நெல்லையும் திருச்சியும் பெற்றன. சேலத்தில் இப்போது டி.என்.பி.எல். ஆட்டங்களே நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து இளைஞன் தன் அப்பாவைக் கையைப் பிடித்து மைதானத்துக்கே கூட்டிப்போகலாம்.

காளையின் கதைதான் உண்மையிலேயே கொஞ்சம் கடுப்பேற்றுகிறது. பத்ரிநாத் போன்றவர்கள் ஆடியும், காரைக்குடி என்ற பெயரில் அந்த அணி ஒரு கோப்பையும் வெல்லவில்லை. திருப்பூர் ஆன பிறகு, 2025 ஜூலை 6 அன்று, திண்டுக்கல்லை அதன் சொந்த மைதானத்திலேயே 118 ரன் வித்தியாசத்தில் சாய்த்துக் கோப்பையைத் தூக்கியது. செட்டிநாட்டில் யாராவது அன்று ஒரு சரவெடியாவது கொளுத்தினார்களா என்று விசாரிக்க ஆசை. சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டையிலிருந்து மானாமதுரை, காரைக்குடி வழியாகத்தான் சென்னை போகிறது. ஒருநாள் இறங்கிக் கேட்க வேண்டும்.

கலுங்கு நிழலில் பேச்சு மதுரைக்குத் திரும்பியது. 2025 அக்டோபரில் தோனி வந்து திறந்துவைத்த வேலம்மாள் கிரிக்கெட் ஸ்டேடியம் மதுரை ரிங் ரோட்டில், சிந்தாமணிப் பக்கம் இருக்கிறது. தூத்துக்குடி சாலையும் ரிங் ரோட்டில்தான் போய்ச் சேர்கிறது என்பதால், அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம். சங்கர் நகரும் நத்தமும் கேட்ட தூரத்தில் பாதி. மைதானம் வந்துவிட்டது. அதில் நம் பக்கத்து அணி எப்போது ஆடும் என்பதெல்லாம் சங்கத்தின் கையிலும் முதலாளிகளின் கையிலும் இருக்கிறது.

நான் செல்போனில் காட்டிய படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார் அந்த இளைஞர். பிறகு கேட்டார்.

"எங்க அக்கா பையன் இருக்கான் ப்ரோ, எட்டாப்பு படிக்கிறான். என்னய விட நல்லா போடுவான். அருப்புக்கோட்ட பஸ்ல போனா எங்க எறங்கணும்?"

"மண்டேலா நகர்ல எறங்குங்க. அங்கிருந்து சிந்தாமணி பக்கம்தான்."

"மேட்ச் பாக்க டிக்கெட் எவ்வளவு இருக்கும்?"

"டி.என்.பி.எல். இன்னும் அங்க வரலையே."

"வரட்டும். வந்தா அவங்க அப்பாவையும் சேத்துக் கூட்டிட்டுப் போகணும்" என்றவர், செல்போனில் மணி பார்த்தார். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. கரைமேல் நிறுத்தியிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பையன்கள் அதற்குள் அடுத்த மேட்ச்சுக்கு டாஸ் போட்டுவிட்டிருந்தார்கள். அம்பயர் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள்.